வாடகை இல்லாத வீடு

விடுமுறைக்குப் போகிறவர்கள் பெட்டியில் துணி வைப்பார்கள். நம் லிஃப்ட் மெக்கானிக் வைத்தது மின்சாரக் குக்கர், இரண்டு கிலோ அரிசி, டீத்தூள், சர்க்கரை, ஒரு பாட்டில் எண்ணெய். துணியெல்லாம் மனைவியின் பையில் திணிக்கப்பட்டது. வேலை செய்யும் இடத்தில் அவருக்கு 'மிச்சம்' என்று பெயர். நேரில் அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார். கஞ்சன் என்று சொன்னால்தான் கோபம் வரும்.

போன வாரம் இருவரையும் இந்தக் கடலோர ஊரில், ஒரு மூன்றாம் மாடி வீட்டு வாசலில் நிற்க வைத்திருந்தோம். பதினோரு வருடக் கல்யாண வாழ்க்கையில் இதுதான் முதல் சுற்றுலா. ராத்திரி ரயிலில் வந்தால் ஒரு நாள் அறை வாடகை மிச்சம் என்று உட்கார்ந்தபடியே வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, பெட்டியை உருட்டிக்கொண்டே நடந்தார்கள். எந்த லாட்ஜுக்குப் போகிறோம் என்று அவள் கேட்டபோது, "லாட்ஜா? யார் வீட்டுக் காசுல?" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார் மனிதர். தெரிந்தவருக்குத் தெரிந்தவரின் வீடாம். அவர் வெளிநாடு போயிருக்கிறாராம். பத்து நாளும் வாடகை கிடையாதாம்.

"சும்மா யாருங்க வீடு குடுப்பாங்க?"

"நல்லவங்க குடுப்பாங்க."

அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. அன்றைக்கு அவள் மனதில் முளைத்த சந்தேகத்துக்கு இன்று நான்காம் நாள். தண்ணீர் ஊற்றாமலே வளருகிற செடி அது ஒன்றுதான்.

அவள் தையல்காரி. வீட்டிலேயே ஓர் அறையில் சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருக்கிறாள். அளவு நாடா இல்லாமலே ஆளை அளந்துவிடுகிற கண். வெளிநாடு போனவர் ஆண்பிள்ளை என்று இவர் சொன்னார். ஆனால் வாசல் மூலையில் கிடந்த செருப்பு ஐந்தாம் நம்பர், பெண் செருப்பு. குளியலறைக் கண்ணாடியின் விளிம்பில் ஒரு கொண்டை ஊசி. வீடு முழுக்க ஒரு ஷேவிங் பிரஷ் கிடையாது.

அதுகூடப் பரவாயில்லை. முதல் நாள் அவள் குளிக்கப் போனபோது, ஹாலில் இருந்தபடியே, "வெந்நீருக்கு ரெண்டாவது சுவிட்ச். மொதல்ல இருக்கறது வேலை செய்யாது" என்று குரல் கொடுத்தார். இதற்கு முன் வந்தேயிராத வீட்டில் எந்த சுவிட்ச் வேலை செய்யாது என்று ஒரு மனிதனுக்கு எப்படித் தெரியும்?

கேட்டாள்.

"நான் மெக்கானிக் இல்லையா? பாத்தாலே தெரியும்."

இன்று காலை எட்டு மணிக்கு அந்தச் செடி பூத்தே விட்டது. பகல் முழுக்கச் சுற்றுவதற்காக நான்கு பாட்டில்களில் வீட்டுத் தண்ணீரையே பிடித்துக்கொண்டு இருவரும் கதவைப் பூட்டும்போது, எதிர்வீட்டு அம்மாள் குப்பைக் கூடையோடு வெளியே வந்தார். இவரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க, வாங்க. இந்தத் தடவை ரொம்ப நாள் கழிச்சு வந்திருக்கீங்க போலிருக்கு?"

மிச்சம், கையிலிருந்த பாட்டிலின் மூடியை ஏற்கெனவே இறுக்கியிருந்தார். மறுபடியும் இறுக்கினார். "ஆமாங்க... வரட்டுங்களா" என்று சொல்லிவிட்டு, லிஃப்ட் இருக்கப் படியில் இறங்கி ஓடினார்.

தெருவுக்கு வந்ததும் அவள் நின்றாள்.

"யாருங்க அந்தம்மா?"

"எனக்கென்ன தெரியும்? வேற யாரையோ நினைச்சுப் பேசுது. வயசாச்சில்ல."

"வயசானா கண்ணு மங்கும். தெரியாத ஆளைப் பாத்தா இப்படிச் சிரிக்க வருமா?"

"நீ வா. ஒன்பது மணிக்கு மேல பஸ்ல இடம் கிடைக்காது."

நாள் முழுக்கச் செல்லுகிற பஸ் சீட்டு வாங்கியாயிற்று. வாங்கிய சீட்டுக்கு வஞ்சனை இல்லாமல் ஊரின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரை உட்கார்ந்தே சுற்றிக் காட்டினார். இறங்கினால்தானே நுழைவுக் கட்டணம். ஜன்னல் வழியாகக் கலங்கரை விளக்கம், ஜன்னல் வழியாகப் பூங்கா. அவள் எதையும் பார்க்கவில்லை. அவர் பக்கவாட்டு முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். இந்த முகத்துக்கு இன்னொருத்தி வீட்டில் இரண்டாவது சுவிட்ச் தெரிகிறது.

பத்தரை மணிக்குத் தலை வலிக்கிறது என்றாள். பொய்தான். அவர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார்.

"சரி, வீட்டுக்குப் போலாம். நீ மேல போய்ப் படு. நான் ரொட்டி வாங்கிட்டு வரேன். பதினோரு மணிக்கு மேல நேத்து ரொட்டியைப் பாதி விலைக்குப் போடுவான்."

பார்த்தீர்களா, அதுவும் தெரிந்திருக்கிறது.

அவள் படுக்கவில்லை. நேராகப் படுக்கையறைக்குப் போய் மர அலமாரியின் முன்னால் நின்றாள். வந்த அன்றே, "அடுத்தவங்க பொருள், அதை மட்டும் திறக்காதே" என்று சொல்லியிருந்தார். நான்கு நாள் திறக்காமல் இருந்ததே பெரிய விஷயம். சாவி அலமாரியின் தலைமேலேயே இருந்தது. திறந்தாள்.

எல்லாம் பெண் துணி.  ஒல்லியான உடம்பு, நடுத்தர உயரம், முப்பதுக்குள் வயது. துணியைப் பார்த்தே ஆளைக் கட்டி நிறுத்திவிட்டாள். அழக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு ஆத்திரம்.

வரிசையின் கடைசியில் ஒரு பச்சைச் சட்டை தொங்கியது. வெளுத்துப் போயிருந்தாலும் இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். தையல்காரிக்கு அடுத்தவர் தையலைப் புரட்டிப் பார்க்காவிட்டால் கை அரிக்கும். ஆத்திரத்திலும் கை தன்பாட்டில் போய்ச் சட்டையின் கீழ் மடிப்பைத் திருப்பியது.

உள்ளே, பக்கத் தையல் முடிகிற இடத்தில், கத்தரிப்பூ நிறத்தில் மூன்று தையல்.

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

தொழில் கற்ற கம்பெனியில் ஒரே கூடத்தில் நாற்பது பெண்கள் தைத்தார்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. யார் தைத்தது என்று தெரிய ஒவ்வொருத்திக்கும் ஒரு நிற நூல், மடிப்புக்குள் மூன்று தையல். அவளுடையது கத்தரிப்பூ நிறம். கம்பெனியை விட்டுக் கடை வைத்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஆக, இந்தச் சட்டை அவள் கையால் தைத்தது. சட்டையை மடியில் விரித்துத் தோளைப் பார்த்தாள். இடது தோள் அரை அங்குலம் இறக்கி வெட்டியிருந்தது. அப்படிச் சரிந்த தோளுக்கு அவள் வாழ்நாளில் ஒருத்திக்குத்தான் தைத்திருக்கிறாள்.

வாலு.

கணவரின் ஒரே தங்கை. சுட்டித்தனத்துக்கு வைத்த பெயர் வளர்ந்த பிறகும் ஒட்டிக்கொண்டது. நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆறு வருடத்துக்கு முன் தையல்காரியின் ஜோடித் தங்க வளையலில் ஒன்று காணாமல் போனது. அவள் அம்மா போட்ட வளையல். உறவுக்காரர்கள் பத்துப் பேர் கூடியிருந்த கூடத்தில், "வீட்டுக்குள்ளயே திருடி இருக்கா" என்று வாலுவைப் பார்த்துச் சொன்னாள். வாலு ஒரு பெட்டியோடு வெளியேறியவள்தான். இந்த ஆறு வருடமும் அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் எடுத்ததில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவள் சட்டையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தாள்.

"நேத்து ரொட்டிதான். அமுக்கினா கொஞ்சம் கெட்டி. டீயில நனைச்சா புதுசுக்கும் இதுக்கும் வித்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார்.

"இது யார் வீடுங்க?"

அவர் ரொட்டியை மெதுவாகச் சட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வாலு வீடு."

"வெளிநாடு போனவரு?"

"சும்மா சொன்னேன்."

"எத்தனை தடவை வந்திருக்கீங்க?"

"கம்பெனி வேலையா இந்தப் பக்கம் வரும்போது. லாட்ஜுக்குன்னு படி குடுப்பான். இங்க தங்கினா அது மிச்சம்."

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னொருத்தி இல்லை என்றதில் ஒரு நிம்மதி. ஆறு வருடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் என்றதில் ஒரு எரிச்சல்.

"தங்கச்சி மூஞ்சியைப் பாக்கமாட்டேன்னு இருந்த மனுஷன் நீங்க."

"நான் எப்ப சொன்னேன்? நீ சொன்னே. நான் சும்மா இருந்தேன்."

"இப்ப அவ எங்க?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏதோ புது மெஷினை விளக்குகிறவர் போல ஆரம்பித்தார்.

"வீடு மாத்திக்கறதுன்னு ஒண்ணு இருக்கு. லீவுக்கு அவங்க வீட்ல நாம, நம்ம வீட்ல அவங்க. ரெண்டு பக்கமும் தங்கற செலவு இல்ல. கம்ப்யூட்டர்ல அதுக்குன்னு ஒரு கூட்டமே இருக்கு. சேரணும்னா சந்தா கட்டுன்னான். முன்னபின்ன தெரியாதவன் வீட்டுக்குப் போறதுக்கு சந்தா வேறயா? அதான் வாலுகிட்டயே கேட்டேன். அவளுக்கும் பத்து நாள் லீவு இருந்துது."

"அப்ப அவ..."

"நம்ம வீட்லதான் இருக்கா. நாலு நாளா."

அவள் சட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"தையல் ரூமைப் பூட்டினீங்களா?"

"ஏன்? அங்க என்ன இருக்கு?"

"கஸ்டமர் துணி இருக்கு."

"கஸ்டமர் துணியை அவ என்ன பண்ணப் போறா?" அவர் கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. "வேற ஏதாவது இருக்கா?"

"வேற என்ன இருக்கப் போகுது?"

அவர் தலையாட்டினார். பஸ்ஸில் கொடுத்த வழித்தடப் படத்தின் பின்பக்கத்தில் ஒரு நம்பரை எழுதி மேஜையில் வைத்தார்.

"பேசணும்னா பேசு. நான் படகுத்துறை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரேன்."

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். தையல்காரியின் மடியில் இருந்த கனம் என்னவென்று அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. நான்கு வருடத்துக்கு முன், பெரிய கறுப்புப் பட்டன் ஒன்றைத் தேடித் தன் சிவப்புப் பட்டன் டப்பாவைக் கவிழ்த்தபோது, பட்டன்களோடு அந்த வளையலும் உருண்டு விழுந்தது. தைக்கும்போது மெஷினில் இடிக்கிறது என்று அவளே கழற்றி அதில் போட்டு மறந்திருக்கிறாள். வேறென்ன? அன்று முழுக்க அழுதாள். மறுநாள் கணவரிடம் சொல்லிவிட நினைத்தாள். பத்துப் பேர் முன்னால் திருடி என்று சொன்ன வாய், 'நான்தான் மறந்துவிட்டேன்' என்று எப்படிச் சொல்லும்? நாளைக்கு, நாளைக்கு என்று நான்கு வருடம் ஓடிவிட்டது. வளையல் ஒரு வெட்டுத் துணியில் சுற்றி அதே டப்பாவின் அடியில் கிடக்கிறது. இப்போது அந்த வீட்டில் வாலு இருக்கிறாள்.

நம்பரை அழுத்தினாள்.

"ஹலோ?"

"நான்தான்."

 "அண்ணி?" என்று அந்தப் பக்கம் கேட்டது.

"எங்க இருக்கே?"

"உங்க வீட்லதான். அண்ணன் சொல்லிட்டாரா?"

"வீட்ல எங்க?"

"தையல் ரூம்ல. இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு. சட்டைப் பட்டன் ஒண்ணு தெறிச்சுடுச்சு அண்ணி. உங்க டப்பாவை இப்பதான் எடுத்தேன். அந்தச் சிவப்பு டப்பாதானே?"

"அதைத் திறக்காதே."

 குரல் மாறியிருந்தது.

"ஏன் அண்ணி? பட்டனைக்கூட எடுத்துட்டுப் போயிடுவேன்னு பயமா?"

தையல்காரிக்கு இனிமேல் ஒரு நொடிகூடத் தாங்காது என்று ஆகிவிட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"வளையல் அதுலதான் இருக்கு. நாலு வருஷம் முன்னாடியே கிடைச்சுடுச்சு. நானே கழட்டிப் போட்டு மறந்திருக்கேன். உன்னைத் திருடின்னு சொல்லிட்டேன். கிடைச்ச அன்னிக்கே உன்னைக் கூப்பிட்டிருக்கணும். தைரியம் வரல. வெக்கமா இருந்துது. என்னை மன்னிச்சுடு."

அந்தப் பக்கம் டப்பா மூடி திறக்கிற சத்தம். மேஜையில் பட்டன்கள் கொட்டுகிற சத்தம். அப்புறம் துணிச் சுற்றைப் பிரிக்கிற சரசரப்பு.

"அண்ணி."

"சொல்லு."

"அப்ப அண்ணன் நிஜமாவே வாங்கினாரா?"

"என்னத்தை?"

"இதை. அவரு வாங்கவே இல்லைன்னுல்ல நான் நினைச்சுட்டு இருந்தேன்."

"நீ என்ன சொல்றே? எனக்கு ஒண்ணும் புரியல."

"உங்க வளையலை நான்தான் அண்ணி எடுத்தேன்." வாலு நிதானமாகச் சொன்னாள், பலமுறை தனியாகச் சொல்லிப் பார்த்தவள் மாதிரி. "எக்ஸ்ரே படிப்புக்குப் பணம் கட்டக் கடைசி நாள். கேட்டா குடுப்பீங்களோ மாட்டீங்களோன்னு எடுத்து வித்துட்டேன். நீங்க திருடின்னு சொன்னது சரிதான். எனக்குத்தான் ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. அந்த வாரமே அண்ணன்கிட்ட போன்ல சொல்லி அழுதேன்."

தையல்காரி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"உன் அண்ணிகிட்ட சொல்லாதே, சொன்னா நீ என்னிக்கும் வீட்டுக்கு வர முடியாதுன்னாரு. உங்ககிட்ட மீதி இருந்த ஒத்தை வளையலை மாதிரி காட்டி, அதே மாதிரி ஒண்ணு செஞ்சு டப்பாவுல போட்டுடறேன், அவளே தேடி எடுப்பா, அன்னிக்கே உன்னைக் கூப்பிடுவான்னாரு. ரெண்டு வருஷம் கழிச்சு, போட்டாச்சுன்னு ஒரு நாள் போன் பண்ணினாரு. நானும் உங்க போனுக்குக் காத்துட்டு இருந்தேன். ஒரு மாசம். ரெண்டு மாசம். அப்புறம், அவராவது தங்கம் வாங்கறதாவது, சும்மா சொல்லியிருக்காருன்னு விட்டுட்டேன். இன்னிக்கு வரைக்கும் எனக்கு அவர்மேலதான் சந்தேகம்."

இரண்டு வருஷம். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த இரண்டு வருஷம்தான் மனிதர் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். பஸ்ஸை விட்டுவிட்டு வேலைக்கு நடந்தார். ஒரே செருப்பை மூன்று தடவை தைத்துப் போட்டார். வேலையிடத்தில் 'மிச்சம்' என்று பெயர் வைத்ததும் அப்போதுதான். அவளும் கடைக்கு வருகிறவர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

வெட்கமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. எடுத்தவள் ஒருத்தி, மூடி மறைத்தவர் ஒருத்தர், நடுவில் நான்கு வருஷம் தூக்கம் கெட்டது நானா? ஆனால் கோபம் நிற்கவில்லை. அதன் பின்னாலேயே வேறொன்று வந்தது. டப்பாவில் போட்டவர் அதை மறுபடியும் திறந்து பார்க்காமலா இருந்திருப்பார்? துணியில் சுற்றி அடியில் ஒளித்து வைத்திருந்ததைப் பார்க்காமலா இருந்திருப்பார்? அவளுக்குக் கிடைத்ததும் தெரியும், அவள் வாய் திறக்காததும் தெரியும். தெரிந்துகொண்டே அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டு, அவளோடு ஒரே வீட்டில் நான்கு வருடம் இருந்திருக்கிறார். சற்றுமுன் 'வேற ஏதாவது இருக்கா' என்று கேட்டதும் தெரிந்தேதான்.

"அண்ணி, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நான் அவர்கிட்ட ஒண்ணும் சொல்லமாட்டேன். நீங்களே பேசிக்கோங்க. நீங்க திரும்பி வர்றவரைக்கும் இங்கதான் இருப்பேன்."

போனை வைத்துவிட்டு அவள் பச்சைச் சட்டையை மடித்தாள். சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள். கதவு திறந்தது.

மிச்சத்தின் கையில் இரண்டு சீட்டு. நான்கு நாளில் அவர் காசு கொடுத்து வாங்கிய முதல் நுழைவுச் சீட்டு.

"ரெண்டு மணிக்குப் படகு. தீவு வரைக்கும் போயிட்டு வருதாம். காசு திரும்பத் தரமாட்டான், கிளம்பு."

ஏன் திடீரென்று செலவு செய்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. சந்தேகம் ஒரு பழக்கம், சட்டென்று போகாது.

"பேசினியா?" அவர் ஷூ கயிற்றைச் சரிசெய்யக் குனிந்தார்.

"பேசினேன்."

"என்ன சொன்னா?"

"பட்டன் கேட்டா."

"ம்" என்று தலையாட்டினார். அவளுக்கு அந்தத் தலையாட்டலைப் பார்க்கப் பயமாக இருந்தது. சொல்லாமல் விட்டால் இவர் இன்னும் நான்கு வருடம் இப்படியே தலையாட்டுவார்.

"ஏங்க."

"ம்."

"வளையல் கிடைச்சுடுச்சுங்க."

கயிற்றில் இருந்த கை நின்றது. அவர் உடனே நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் ஆச்சரியம் இல்லை, கோபமும் இல்லை. படகுச் சீட்டு இரண்டையும் மேஜையில் வைத்தார். எதிர்நாற்காலியில் வந்து உட்கார்ந்து, அவள் கண்ணை நேராகப் பார்த்தார்.

"எப்ப?" என்று கேட்டார்.